எழுப்புதல் கூட்டம் முடிந்து எட்டு மாதம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபை. தணிந்த பக்தியை மறுபடி மூட்டுகிற எழுப்புதல் கூட்டம் மூன்று நாள் நடந்திருக்கிறது. கடைசி நாள் இரவு பதினோரு மணி ஆகியும் ஒருவரும் எழுந்து போகவில்லையாம். முகம் பார்க்காதவர்கள் கை கொடுத்தார்கள், குடிக்கிறவர்கள் அழுதார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு 120 பேர். எட்டு மாதம் கழித்து இப்போது 12 பேர். இதற்கு நடுவில் பந்தல்காரருக்கு இன்னும் 18,000 ரூபாய் பாக்கி, அதை யார் கொடுப்பது என்று கமிட்டியில் சண்டை. “எழுப்புதலை எப்படித் தக்கவைப்பது? இன்னொரு கூட்டம் போடலாமா?” என்று அந்தச் சபையின் வாலிபர் சங்கச் செயலாளர் கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு இன்னொரு கூட்டம் வேண்டாம். கூட்டம் தீ மூட்டும். மூட்டின தீயைக் காப்பாற்றி வைப்பது வேறு வேலை. அதற்கு நல்ல பிரசங்கியாரோ நல்ல மைக் செட்டோ தேவையில்லை.

என் ஆச்சி வீட்டில் விறகடுப்பு. தீக்குச்சி கிழிப்பதே அவர்களுக்கு வீண் செலவு. இரவுச் சமையல் முடிந்ததும் நல்ல கங்காக இரண்டு மூன்றை ஓரமாகத் தள்ளி, மேலே சாம்பலைப் போட்டு மூடிவிடுவார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கினால் உள்ளே சிவப்பாகக் கண் விழிக்கும். இரண்டு சுள்ளி, ஊதுகுழலில் நாலு ஊது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் முந்தின நாள் சாம்பலை அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கொட்டியாக வேண்டும். சாம்பல் அடைத்த அடுப்பில் காற்றுப் புகாது. எத்தனை விறகு வைத்தாலும் புகைதான் மிஞ்சும்.

“பலிபீடத்தின்மேல் எப்பொழுதும் அக்கினி எரிந்துகொண்டிருக்கவேண்டும்” என்ற வசனத்தை நாம் பேனரில் போடுகிறோம். அது லேவியராகமம் 6-ம் அதிகாரம் 13-ம் வசனம். அதற்குச் சற்று மேலே 10, 11, 12 வசனங்கள் இருக்கின்றன. அவற்றை எந்த பேனரிலும் நான் பார்த்ததில்லை. ஆசாரியன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை எடுக்க வேண்டும், அப்புறம் உடையை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், காலைதோறும் கட்டை போட வேண்டும். அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்ததுதான், ஆனால் சாம்பல் அள்ளுகிற வேலை ஆரோனின் வீட்டாருக்கு. உங்கள் சபையில் யாருக்கு அந்த வேலை? எனக்குத் தெரிந்து பெரும்பாலான சபைகளில் அது யாருக்கும் இல்லை.

இந்த விஷயத்தில் நான் எப்போதும் காட்டுவது ஹெர்ன்ஹூட் என்கிற ஊரை. ஜெர்மனியில், சாக்சனியில் உள்ள சின்ன ஊர். 1722-ல் கிறிஸ்டியான் டாவிட் என்ற தச்சர், மொராவியாவில் விசுவாசத்துக்காக நெருக்கப்பட்ட சில குடும்பங்களை எல்லை தாண்டிக் கூட்டிவந்து அங்கே குடியேற்றினார். நிலம் சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபுவுடையது. பிரபுவுக்கு அப்போது வயது 22. அவர் ஹாலே பள்ளியில் படித்த காலத்தில், தரங்கம்பாடியிலிருந்து ஊர் திரும்பியிருந்த மிஷனெரி சீகன்பால்கை நேரில் பார்த்துக் கேட்டவர். நம் கடற்கரைச் செய்தி அந்தப் பையன் மனதில் விழுந்துதான் பின்னால் முளைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

1727 வாக்கில் ஊரில் சுமார் 300 பேர். லுத்தரன் ஒரு பக்கம், சீர்திருத்தச் சபையார் ஒரு பக்கம், பழைய மொரேவியச் சகோதரர் மரபைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். இராப்போஜனம் எந்த முறைப்படி என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் தகராறு. வந்து சேர்ந்த ஒரு பிரசங்கியார், இடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகம் என்று பிரசங்கம் பண்ணினார். ஊரைத் தொடங்கிய கிறிஸ்டியான் டாவிட்டே கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் சாய்ந்தார். நம் சபைகளின் நிர்வாக எலெக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சின்சென்டார்ஃப் இதற்கு எழுப்புதல் கூட்டம் போடவில்லை. டிரெஸ்டனில் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்க வேலையை விட்டு வந்து அந்த ஊரிலேயே குடியிருந்தார். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசினார். 1727 மே 12-ம் தேதி ஊரையே கூட்டி மூன்று மணி நேரம் பேசினார். ஊர் நடைமுறைக்கும் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் எழுதிவைத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். 12 மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சின்னச் சின்ன ஜெபக் குழுக்கள் ஆரம்பித்தன. ஆகஸ்ட் 13, புதன்கிழமை, பக்கத்து ஊர் பெர்த்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் இராப்போஜனத்துக்குக் கூடினார்கள். அன்றைக்குப் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதைத்தான் மொரேவிய சபை இன்றுவரை தன் பெந்தெகொஸ்தே நாளாகக் கொண்டாடுகிறது.

தேதிகளைக் கவனியுங்கள். ஒப்பந்தம் மே மாதம், அக்கினி ஆகஸ்ட் மாதம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் அழுகிறோம், ஒப்பந்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில், இதே மாதிரி ஒரு கூட்டத்தின் கடைசி இரவு, பதினைந்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுதார்கள். சபையே அழுதது, நானும் அழுதேன். திங்கட்கிழமை காலையில் வரப்பு அதே இடத்தில்தான் இருந்தது. ஒருவர் மற்றவர் நிலத்துக்குள் இரண்டடி தள்ளிப் போட்ட வரப்பு அது. கோர்ட்டில் வழக்கும் அப்படியே கிடந்தது. ஆறு மாதத்தில் மறுபடி பேச்சு நின்றுவிட்டது. இந்தத் தடவை இன்னும் மோசம், “ஜெபத்தில் நடித்தான்” என்ற பட்டமும் கூடச் சேர்ந்தது. அன்றைக்கு இரவே யாராவது ஒரு பெரியவர் இரண்டு பேரையும் ஓரமாகக் கூப்பிட்டு, “புதன்கிழமை சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் வயலில் இருங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆள் இல்லை. பிரசங்கியார் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு அது ஆவிக்குரிய வேலையாகவே தோன்றவில்லை.

வரி வசூலித்த சகேயு மனந்திரும்பினபோது கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னதை எழுதியிருக்கிறார்.

சரி, ஹெர்ன்ஹூட்டில் ஆகஸ்ட் 13-க்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அன்றைக்கு ஆராதனை முடிந்தும் ஜனங்களுக்குப் பிரிந்துபோக மனமில்லை. சின்னச் சின்னக் குழுக்களாக வீடுகளில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அறுந்துபோகாமல் இருக்க, பிரபு தன் சமையலறையிலிருந்து அந்தந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினார். மொரேவியரின் அன்பின் விருந்து வழக்கம் இப்படித் தொடங்கியது. நம் பக்கத்துச் சபைகளில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தும் இதே குடும்பம்தான். ஆனால் நம்முடையது எத்தனை ஆடு, எத்தனை மூட்டை அரிசி, யாருக்கு முதல் பந்தி என்று வளர்ந்துவிட்டது. அங்கே பந்தி சின்னதாக இருந்ததுதான் விசேஷம். ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒருவன் ஏன் சாப்பிடாமல் இருக்கிறான் என்று மற்ற ஐந்து பேருக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27-ம் தேதி, புகழ்பெற்ற அந்த ஜெபச் சங்கிலி ஆரம்பித்தது. 24 ஆண்கள், 24 பெண்கள். நாளின் 24 மணி நேரத்தையும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம். இது நூறு வருடத்துக்கும் மேல் தொடர்ந்தது. கேட்கிறவர்கள் உடனே ஒரு பெரிய ஜெப மண்டபத்தையும் இரவும் பகலும் முழங்கால் தேய ஜெபித்த கூட்டத்தையும் கற்பனை பண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் மணிக்கு. குயவன் சக்கரத்துக்குத் திரும்பிவிடுவான், தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விடுவாள். வாரத்தில் ஒருநாள் கூடி, எதற்காக ஜெபிப்பது என்று பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்பதால்தான் அது நூறு வருடம் தாங்கியது என்பது என் எண்ணம். மாதம் ஒரு முழு இரவு ஜெபம் என்று வைத்தால் மூன்றாவது மாதம் வாலிபர்கள் கொட்டாவி விடுவார்கள், ஐந்தாவது மாதம் போதகரும் அவர் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், அந்த ஐந்தாவது மாதத்தில் கொட்டாவி விட்டவர்களில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1728 மே 3-ம் தேதி தொடங்கிய ஒரு சின்னப் பழக்கம். சாயங்காலம் பாடல் ஆராதனையில் மறுநாளைக்கென்று ஒரு வசனம் கொடுப்பார்கள். விடிந்ததும் ஒரு சகோதரர் அதை ஊரில் இருந்த 32 வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சொல்வார். வசனத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிட மாட்டார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, புருஷனும் பெண்சாதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்களா, எல்லாம் அந்த வாசலில் நின்றால் தெரிந்துவிடும். 1731-லிருந்து அந்த வசனங்களை வருடாவருடம் முன்கூட்டியே புத்தகமாக அச்சடிக்கிறார்கள், இன்றைக்கும் வருகிறது. நம் சபை வாட்ஸ்அப் குழுவிலும் காலை ஐந்து மணிக்கு வசனம் வருகிறது, ரோஜாப்பூ படத்தோடு. எல்லாருக்கும் நீல டிக் விழுகிறது. அதில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது தெரியாது. வசனம் அதேதான், வாசல் மட்டும் இல்லை.

அப்புறம் வெளியே அனுப்புதல். 1732-ல் லெயோன்ஹார்ட் டோபர் என்ற குயவரும் டாவிட் நிட்ஷ்மான் என்ற தச்சரும் மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் போனார்கள். 1760-ல் சின்சென்டார்ஃப் இறப்பதற்குள் அந்தச் சின்ன சபை 226 பேரை உலகத்தின் மூலைகளுக்கு அனுப்பியிருந்தது. அதே 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். பொறையாறு பக்கத்தில் தோட்டம் அமைத்துக் குடியிருந்து, அங்கிருந்து நிக்கோபார் தீவுக்குப் போய்க் காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற பலன் ஒன்றும் இல்லாமலேயே 1803-ல் அந்தத் தோட்டம் மூடப்பட்டது. தோற்ற கதைதான். இருந்தாலும் இப்படிப்பட்ட கடிதங்கள் மாதம் ஒருநாள் ஊரில் வாசிக்கப்பட்டன. தன் பக்கத்து வீட்டுக்காரன் நிக்கோபாரில் காய்ச்சலோடு கிடக்கிறான் என்று கேட்கிறவன், தன் ஜெப மணியைத் தூங்கிக் கழிக்க மாட்டான். தனக்காக மட்டும் ஜெபிக்கிற சபை சீக்கிரம் களைத்துப்போகும். காரணம் எளிது, ஜெபிக்க விஷயம் தீர்ந்துவிடுகிறது.

ஹெர்ன்ஹூட்டார் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1740-களில் ஹெர்ன்ஹாக் என்ற அவர்களுடைய இன்னொரு ஊரில் பக்தி ஒரு மாதிரியாக இனித்துப்போனது. இயேசுவின் விலாக் காயத்தைப் பற்றிக் கொஞ்சு மொழியில் பாட்டுகள், விளக்கு அலங்காரங்கள், ஓயாத பண்டிகைகள். உணர்ச்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆவிக்குரியவன் என்ற நிலை. இதை முன்நின்று நடத்தியவர்களில் சின்சென்டார்ஃபின் சொந்த மகனும் ஒருவர். கடன் ஏறிக்கொண்டே போனது. 1749-ல் பிரபு கடிதம் எழுதிக் கண்டித்தார், மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1750-க்குப் பிறகு அந்த ஊரே காலியானது. அந்தக் காலத்தை மொரேவியரே தங்கள் வரலாற்றில் ‘சல்லடைக் காலம்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மறைக்கவில்லை. இதுவும் சாம்பல் அள்ளுவதுதான். தலைவரின் மகன் என்று பார்க்காமல் திருத்த முடிந்த சபை பிழைத்துக்கொண்டது. நம்மில் எத்தனை ஊழியங்கள் அப்படிப் பிழைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 18,000 ரூபாய்க்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், எழுப்புதலைத் தக்கவைத்த மிகப் பெரிய ஏற்பாடு ஒன்று இப்படிப்பட்ட ஒரு கட்டடக் கடனிலிருந்துதான் பிறந்தது.

மெதடிஸ்த் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் ஹெர்ன்ஹூட்டுக்குப் போய்ச் சிறு குழுக்களைக் கண்ணால் பார்த்து வந்தவர். 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் தங்கள் கூடுகை மண்டபத்துக்கு வாங்கின கடனை எப்படி அடைப்பது என்று பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார் ஃபோய் என்ற கப்பல் கேப்டன். பாதிப் பேர் பரம ஏழைகள், முடியாது என்றார்கள். அவர், மிக ஏழைகளாகப் பதினோரு பேரை என் கணக்கில் விடுங்கள், கொடுத்தால் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு என் கையிலிருந்து போடுகிறேன் என்று சொன்னார். அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வாரம்தோறும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் காசு வாங்கிவர ஏற்பாடு ஆயிற்று. போனவர்கள் காசோடு சேதியும் கொண்டுவந்தார்கள். ஒருவர் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார், ஒரு வீட்டில் ஓயாத சண்டை. வெஸ்லிக்குப் பொறி தட்டியது, இத்தனை நாள் நான் தேடின மேய்ப்பு ஏற்பாடு இதுதான் என்று பிடித்துக்கொண்டார். கடன் வசூல் ‘வகுப்பு’ ஆனது. அதற்கப்புறம் அந்தப் பன்னிரண்டு பேரும் வாரம் ஒருநாள் ஓர் இடத்தில் கூடி, “உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மெதடிஸ்த் இயக்கம் தலைமுறை தாண்டி நின்றது இந்த எலும்பின்மேல்தான். அவரைவிடப் பெரிய பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டு. வெஸ்லி தன் ஜனங்களை வகுப்பாகச் சேர்த்தார், நான் அதைச் செய்யாததால் என் ஜனங்கள் மணலால் திரித்த கயிறாகப் போனார்கள் என்று அவரே பிற்காலத்தில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

மணல் கயிற்றுக்கு வேல்ஸ் நாட்டு எழுப்புதலை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் அநியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. 1904 அக்டோபர் கடைசியில், சுரங்கத்தில் வேலை பார்த்த 26 வயது எவன் ராபர்ட்ஸ் தன் சொந்த ஊர் லோகரில் வாலிபர்களைக் கூட்டி ஜெபிக்க ஆரம்பித்தார். சில மாதங்களில் ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்று கணக்கிட்டார்கள். செய்தித்தாள்கள் ஊர்வாரியாகப் பட்டியல் போட்டன. எல்லாம் அந்த ஒரு மனிதர் தலையில் ஏறியது. 1906-ல் உடலும் மனமும் உடைந்து இங்கிலாந்தில் ஒரு வீட்டில் ஒதுங்கியவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் மேடைக்குத் திரும்பவில்லை. வேல்ஸின் ஆலயங்களோ சில வருடங்களில் மறுபடி மெலிய ஆரம்பித்தன. உங்கள் ஊரில் அந்த மூன்று நாளுக்கும் பிறகு எல்லாப் பாரத்தையும் போதகர் ஒருவரே சுமந்தாரா? அவருக்கு வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு உண்டா? இதையும் கமிட்டியில் கேளுங்கள்.

வேல்ஸ் தீ அணைந்த கதையைச் சொல்கிறவர்கள் அது மிசோரத்தில் எரிந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேல்ஸ் மிஷனெரிகள் வழியாக மேகாலயாவின் காசி மலைக்கு வந்த எழுப்புதல், 1906-ல் மிசோ மலைக்கும் பரவியது. அங்கே முதல் ஞானஸ்நானம் நடந்ததே 1899-ல்தான், பச்சைக் குழந்தைச் சபை. முதல் அலை அடங்கியது, எதிர்ப்பு எழுந்தது. மறுபடி 1913-ல் ஓர் அலை, 1919-ல் இன்னொன்று. கவனிக்க வேண்டியது முதல் இரண்டு அலைக்கும் நடுவில் நடந்தது. 1910-ல் பெண்கள் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வேளையும் உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போடுவார்கள், அது கர்த்தருக்கு. ‘புஃபாய் தாம்’ என்று பெயர். நம் ஊர்ப் பக்கம் பிடி அரிசி என்று சொல்வோமே, அதேதான். இன்றைக்கு மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அந்தப் பிடி அரிசியிலிருந்து ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் வருகிறது. மிஷனெரிகளை அனுப்ப அது கைகொடுக்கிறது.

ஒரு பெண் உலை வைக்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். புகை, அழுகிற பிள்ளை, வேலைக்குப் போகிற அவசரம். அங்கே பரவச உணர்ச்சி ஒன்றும் கிடையாது. கை மட்டும் பழக்கத்தில் ஒரு பிடியை எடுத்து வைக்கிறது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் தடவை. அடுத்த அலை வந்தபோது தீப்பிடிக்கக் காய்ந்த விறகு அந்த அடுக்களைகளில் இருந்தது.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாக. நம் பக்கத்திலேயே 1860-ல் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியத்தில் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. வெளிநாட்டு மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த மனிதர் அவர். 1870-களில் திருவிதாங்கூரிலும் ஓர் எழுப்புதல் எழுந்தது. அங்கே, பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து குருவானவராக இருந்த ஒருவர் தலைமையில் ஒரு கூட்டம், 1881-ல் கர்த்தர் வருவார் என்று நாள் குறித்தது. அந்த நாள் வந்தது, போனது. அவர்கள் எழுதின நல்ல பாட்டுகள் கேரளச் சபைகளில் இன்னும் பாடப்படுகின்றன, இயக்கம் சிதறிப்போனது. தீ தணிகிறது என்று பயப்படுகிறவர்கள்தான் இப்படி எண்ணெய் ஊற்றுகிறார்கள். புதுத் தரிசனம், புதுத் தீர்க்கதரிசனம், போன தடவையைவிடப் பெரிய அடையாளம். அழுகை குறைந்துவிட்டது என்பதற்காக ஆவியானவர் போய்விட்டார் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கல்யாணம் ஆன மறுவருடம் கல்யாண மேளம் கேட்கவில்லையே என்று யாரும் அழுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் சபையைப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் பொருந்துகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி இரவில் யார் யார் என்னென்ன தீர்மானம் எடுத்தார்கள் என்று உங்களில் இரண்டு பேருக்காவது நினைவிருக்கும். ஒரு நோட்டில் எழுதுங்கள். சுற்றுக்கு விட அல்ல, போதகரும் நம்பிக்கையான ஒரு பெரியவரும் மட்டும் பார்க்க. குடியை விட்டேன் என்றவர் இப்போது எப்படி இருக்கிறார்? கை கொடுத்த குடும்பங்கள் ஒன்றின் விசேஷத்துக்கு மற்றது போகிறதா? வட்டிக்குக் கொடுத்து மிரட்டினவர் பாண்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? அங்கேதான் உங்கள் எழுப்புதலின் கங்கு இருக்கிறது, வெள்ளிக்கிழமை எண்ணிக்கையில் இல்லை. நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னதைப் பயமுறுத்தலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அடுப்படியில் அது நல்ல செய்தி.

மைக்கில் பாவ அறிக்கை செய்கிற வழக்கம் உங்களிடம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கிராமத்தில் அது ஒரு வாரத்தில் டீக்கடைக்கு வந்துவிடும், குறிப்பாகப் பெண்களுக்கு அதன் விலை மிகப் பெரியது. ஹெர்ன்ஹூட்டின் சின்னக் குழுக்களில் ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு, சில பேராகவே பேசினார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை மறக்க வேண்டாம். அந்த 1727 ஆகஸ்டிலேயே அங்கே பிள்ளைகள் நடுவில் ஒரு தனி எழுப்புதல் உண்டானது, அதற்குக் காரணமாக இருந்தது 11 வயதுச் சிறுமி ஒருத்தி. நம் சபைகளில் கூட்டத்தன்று பிள்ளைகளைப் பின்னால் பாயில் தூங்கவைத்துவிடுகிறோம்.

அடுத்தது அந்தப் பன்னிரண்டு பேர். ‘பன்னிரண்டு பேர்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிஸ்டலில் ஒரு வகுப்புக்கு அதுதான் அளவு. அவர்களை மறுபடி மைக் வைத்து, பிரசங்கம் பண்ணி, ‘சிறு மந்தையே’ என்று தேற்ற வேண்டாம். வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவரும், வராமல்போன 108 பேரில் ஒன்பது பேரின் பெயரை எடுத்துக்கொள்ளட்டும், கணக்குச் சரியாக வரும். மாதத்தில் ஒருநாளாவது அந்த வாசலில் போய் நிற்பது. ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது. எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும். பாதி வீடுகளில் காரணம் ஆவிக்குரிய பின்மாற்றமாக இருக்காது. ஷிப்டு மாறியிருக்கும், மாமியார் படுத்திருப்பார், கமிட்டியில் யாரோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்த வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. பந்தல்காரர் வீடு. அவர் நம் சபைக்காரர் இல்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து புரிந்துகொண்டேன். மூன்று நாளும் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருப்பார், அழுததையும் கை கொடுத்ததையும். எட்டு மாதமாக யார் கொடுப்பது என்று நடக்கிற சண்டையும் அவர் காதுக்குப் போயிருக்கும். ஆளுக்கு 1,500 போட்டால் பன்னிரண்டு பேருக்கு 18,000. முடியாதவர்களுக்கு, முடிகிற ஒருவர் அந்தக் கேப்டன் மாதிரி சேர்த்துப் போடட்டும். கமிட்டித் தீர்மானத்துக்குக் காத்திருக்காமல் இந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்த கையோடு இரண்டு பேராகப் போய்க் கொடுத்துவிட்டு, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வாருங்கள். பில்லில் பைசல் என்று கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம், கமிட்டிக்குக் காட்ட வேண்டியிருக்கும்.